ஒன்பதும் ஏழும் பதினாறு: மதுரைத் தையல் யூனிட் ஒன்று இ.எஸ்.ஐ.க்குள் வந்த விதம்

(நிகழ்வு ஆய்வு. ஆட்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. சம்பளத் தொகைகள் முழு எண்ணாக்கப்பட்டுள்ளன.)

பின்னணி

வில்லாபுரம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில், தகரக் கொட்டகைக்குள் நடக்கும் தையல் யூனிட். நைட்டியும் உள்பாவாடையும்தான் உருப்படி. விளக்குத்தூண் பக்கத்து மொத்த வியாபாரிகள் துணியைக் கொடுத்து, தைத்த சரக்கை டஜன் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 2014-இல் கணவனும் மனைவியும் நான்கு மெஷினோடு ஆரம்பித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் ஏறியது. ஆன்லைனில் நைட்டி விற்கும் சிறு வியாபாரிகளும் சரக்கு கேட்டு வர, ஆட்கள் கூடினார்கள். 2023-இல் மொத்தம் 16 பேர்: பவர் மெஷினில் 10 பேர், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்கில் 2 பேர், ஒரு கட்டிங் மாஸ்டர், 3 ஹெல்பர்கள். மாஸ்டரைத் தவிர எல்லோரும் பெண்கள். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுதான், சனிக்கிழமை பட்டுவாடா. சராசரியாக ஒருவருக்கு மாதம் 9,500 ரூபாய் வரும்.

காகிதத்தில் அது 16 பேர் கொண்ட யூனிட் இல்லை. கணவர் பெயரில் ஒரு மஸ்டர், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு, அதில் 9 பேர். மைத்துனர் பெயரில் இன்னொரு மஸ்டர், அதில் 7 பேர். கொட்டகைக்கு நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு, வாசலில் இரண்டு போர்டு. 2022 ஜனவரியில், பத்தாவது ஆளை எடுக்க வேண்டிய கட்டத்தில், யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு இப்படிப் பிரித்தார்கள்.

பத்து என்ற எண்ணுக்கு அங்கே இவ்வளவு மரியாதை ஏன் என்றால், 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது முதலாளியும் தொழிலாளியும் மாதச் சந்தா கட்ட, மருத்துவமும் விபத்து ஈடும் தரும் இ.எஸ்.ஐ., பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்தான் தொடங்கியது. முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் இருந்திருந்தாலே போதும். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. இருபதைத் தொட்டால் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, வரும். மதுரையில் சிறு தொழில் நடத்துபவர்களிடம் சட்டத்தின் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

விபத்து

2023 அக்டோபர் கடைசி. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. சரக்குப் போக வேண்டிய நெருக்கடியில் கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக, அதாவது லே, விரிக்கும் ஹெல்பர், 40 வயதுப் பெண், வழக்கமாக மாஸ்டருக்கு எதிர்ப்புறம் நின்று துணியைப் பிடிப்பவர். அன்று அவரே கட்டிங் மெஷினை எடுத்து ஓட்டினார். இந்த மெஷினில் பிளேடுக்கு முன்னால் இறக்கிவிட ஒரு காப்புக் கம்பி உண்டு. கோடு மறைக்கிறது என்று மாஸ்டர் அதை எப்போதுமே மேலே தூக்கிக் கட்டிவைத்திருப்பார். வளையக் கம்பியால் பின்னிய கையுறையும் இருந்தது, ஆணியில் தொங்கிக்கொண்டு. இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு போயிற்று.

தனியார் மருத்துவமனையில் ஆன 38,000 ரூபாய் செலவை முதலாளியே கட்டினார். அதில் அவர் தயங்கவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பம் “நஷ்ட ஈடு என்ன?” என்று கேட்டபோதுதான் யூனிட்டுகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்த்துக்கொடுக்கும் என்னைத் தேடி வந்தார்.

அவர் முதலில் சொன்னது, “மெஷினைத் தொடுன்னு யாரும் சொல்லல சார். அதாத்தான் எடுத்துருக்கு.” இந்த வாதம் நிற்காது. விதியை மீறி மெஷினைத் தொட்டிருந்தாலும், முதலாளியின் தொழிலுக்காக அதைச் செய்திருந்தால் அது வேலை விபத்துதான் என்று இ.எஸ்.ஐ. சட்டமே சொல்கிறது. தீபாவளி சரக்கை வெட்டியது யாருக்காக என்பதில் சந்தேகம் இல்லை.

கணக்கைப் பார்த்தபோது

இரண்டு மஸ்டரும் சுத்தமாக இருந்தன. சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தம். மற்ற எல்லாமே ஒன்றாக இருந்தது. ஒரே மின் இணைப்பு, ஒரே கட்டிங் மேசை, வெட்டிய துணிக் கட்டுகளைக் கணக்கெழுதும் ஒரே பண்டல் நோட்டு. ‘அந்தப் பக்கம்’ தைத்த நைட்டி உடம்புக்கு ‘இந்தப் பக்கம்’ கை ஏற்றினார்கள். சனிக்கிழமை ஒரே பையிலிருந்து சம்பளம் போனது. முதலாளியின் மனைவி எழுதி வைத்திருந்த தீபாவளி போனஸ் நோட்டில் 2022-க்கான பக்கத்தில் 14 பெயர்கள் வரிசையாக இருந்தன, புடவை நிறத்தோடு. தெருமுனை டீக்கடைக்காரரின் நோட்டில் தினமும் 16 டீ. ஆள் கணக்குக்கு இதைவிட நல்ல ஆவணம் எந்த யூனிட்டிலும் கிடைக்காது என்பது என் அனுபவம்.

உரிமை, நிர்வாகம், பணம், ஆட்கள், வேலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார்கள். ஆக, காகிதம் என்ன சொன்னாலும், 2022 ஜனவரி முதல் இது இ.எஸ்.ஐ. வரவேண்டிய இடம்.

இங்கேதான் விஷயம் முதலாளி நினைத்ததற்கு நேர்மாறாகத் திரும்பியது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் இடத்தில் விபத்து நடந்தால் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அன்று பொருந்தியது. முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. அந்தப் பெண்ணின் சம்பளம் 9,000. அதில் 60 சதவீதம் 5,400. சட்டத்தில் 40 வயதுக்குக் கொடுத்திருக்கும் பெருக்கெண் 184.17. பெருக்கி அதில் 9 சதவீதம் எடுத்தால் சுமார் 89,500 ரூபாய்.

அதே யூனிட் இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம் (தொழிலாளியின் 0.75 சேர்த்தால் 4). 16 பேருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 1,52,000 என்றால், 4,940 ரூபாய். ஒரு விரல் கணுவின் விலை, மொத்த யூனிட்டுக்கும் பதினெட்டு மாதச் சந்தா. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது முக்கியமானது: “நாலு பர்சென்ட்டுக்குப் பயந்து இதைச் செய்யல சார். ஒன்னுல பேரு ஏறுனா எல்லாத்துலயும் ஏறிரும்ல? அதுக்குத்தான்.”

இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

உறவினர்கள் சொன்ன வழி, ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அந்தப் பெண்ணின் வீட்டாரும் இதற்குச் சம்மதித்திருப்பார்கள். ஆனால் சட்டப்படி உரிய தொகையைவிடக் குறைத்துப் பேசி முடிக்கும் ஒப்பந்தம் பிறகு வழக்கில் முதலாளியைக் காப்பாற்றாது.

இரண்டாவது, 89,500-ஐ முழுதாகக் கொடுத்துவிட்டு இரண்டு மஸ்டரையும் அப்படியே தொடர்வது. கேட்க நியாயமாகத் தெரிந்த இந்த வழியில்தான் சிக்கல் அதிகம். சந்தா கட்டியிருக்க வேண்டிய இடத்தில் வேலை செய்தவர், கட்டாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் காப்பீடு பெற்றவர்தான். அவருக்கு 1923 சட்டத்தின்படி இழப்பீடு கேட்கும் வழி அடைபடுகிறது. அவருக்கு உரியதை இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்து, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். அதாவது முதலாளி ஒரு முறை கொடுத்த பிறகும் இன்னொரு முறை கட்ட நேரலாம்.

மூன்றாவது வழி, உண்மையைச் சொல்லி 2022 ஜனவரி முதல் பதிவு கேட்பது. இதன் செலவைக் கணக்கிட்டோம். 23 மாதம், சராசரி 13 பேர், சராசரிச் சம்பளம் 8,800. முதலாளி, தொழிலாளி இருவர் பங்கும் சேர்த்து 4 சதவீதம் என்றால் சுமார் 1,05,000 ரூபாய். தொழிலாளியின் 0.75 சதவீதத்தை அந்தந்த மாதச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கலாம், பழைய பாக்கிக்குப் பிடிக்கக் கூடாது. எனவே முழுதும் முதலாளி தலையில். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சுமார் 12,600. தாமதத்துக்காகக் கழகத்துக்குக் கட்டும் நஷ்ட ஈடு தனி.

மூன்றாவதையே எடுத்தார். அதற்குக் காரணம் நேர்மை மட்டும் என்று எழுதினால் அது பாதி உண்மை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது துணியைக் கொடுத்துக் கூலிக்குத் தைத்து வாங்க, ஆள் தேடிக்கொண்டிருந்தது. இ.எஸ்.ஐ. சந்தா கட்டிய சலான் இல்லாத யூனிட்டுக்கு அவர்கள் பண்டல் கொடுப்பதில்லை. வெளிநாட்டு வாங்குபவரின் தணிக்கைக்கு அது வேண்டும். விளக்குத்தூண் வியாபாரிக்குத் தேவைப்படாத காகிதம் திருப்பூருக்குத் தேவைப்பட்டது. தொழிலாளர் சட்டம் சிறு யூனிட்டுகளுக்குள் இன்று நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

2023 டிசம்பரில் பிளைவுட் தடுப்பை எடுத்தார்கள். மைத்துனர் பெயரிலிருந்த மஸ்டர் மூடப்பட்டு, 16 பேரும் ஒரே பதிவில் வந்தார்கள். விபத்து அறிக்கையும் போனது.

தொழிலாளர்களிடம் சொன்னபோது

எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 9,500 வாங்குபவருக்குப் பிடித்தம் சுமார் 71 ரூபாய். அதைப் பற்றிய முணுமுணுப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கியது. பி.எஃப். போல 12 சதவீதம் போகும் என்று நினைத்தவர்களும் கணக்கைக் கேட்டதும் சமாதானமானார்கள். ஆனால் ஆதார் கேட்டதும் ஐந்தாறு பேர் கையை இழுத்துக்கொண்டார்கள்.

அந்தச் செப்டம்பர் 15-இல்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியிருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. “வேலைன்னு பேரு ஏறுனா ஆயிரம் ரூவா நின்னுருமாக்கா?” என்று ஒருவர் முதலாளியின் மனைவியைக் கேட்டார். வருமானத்தைப் பொறுத்தவரை குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால்தான் தகுதி போகும், இ.எஸ்.ஐ. பதிவு என்பது தனியாக ஒரு தடை இல்லை என்று விளக்கினோம். கணவனும் சம்பாதிக்கும் வீடுகளில் இரண்டரை லட்சம் என்பது எட்டாத உயரம் அல்ல. அவர்கள் பயம் முழுக்க அறியாமையும் அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1,20,000 ரூபாய் வருமான வரம்பு. மாதம் 9,500 வாங்கும் ஒரு பெண்ணின் சம்பளமே ஆண்டுக்கு 1,14,000. அதுவரை கணக்கில் வராத சம்பளம் கணக்கில் வந்தால் வேறு ஏதோ ஒரு வரம்பில் இடிக்கும் என்பதை அவர்கள் தங்கள் போக்கில் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொண்டார், மற்ற இருவரும் கீரைத்துறை பக்கம் பதிவில்லாத யூனிட்டுக்குப் போனார்கள்.

பின்விளைவுகள்

காயம்பட்ட பெண்ணுக்கு வேலைக்கு வராத ஏழு வாரத்துக்குச் சம்பளத்தின் 90 சதவீதம், சுமார் 13,000 ரூபாய், அலைச்சலுக்குப் பிறகு வந்தது. மருத்துவக் குழு 9 சதவீத நிரந்தர ஊனம் என்று முடிவு செய்தது. அதன்படி அவருக்கு ஆயுள் முழுக்க மாதம் சுமார் 730 ரூபாய்.

அவர் சந்தோஷப்படவில்லை. “மாசம் எழுநூத்தி முப்பதை வச்சு நான் என்ன சார் செய்ய? மொத்தமாக் குடுத்தா பிள்ளைக்கு நர்சிங் ஃபீஸ் கட்டிருவேன்” என்றார். கணக்கு அவர் பக்கம் பலமில்லாததுதான். 89,500 ரூபாயை 730 ரூபாயாக வாங்கினால் பத்தாண்டில் ஈடாகிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் கூடுதல். அவ்வப்போது உயர்த்தியும் தருவார்கள். வேலையில் இருக்கும்வரை குடும்பத்துக்கே இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. ஆனால் நர்சிங் கல்லூரி பத்தாண்டு காத்திருக்காது. சிறு தொகை என்றால் மொத்தமாக மாற்றித் தரும் வழி சட்டத்தில் உண்டு, இவருடையது அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. முதலாளி சட்டத்துக்கு வெளியே 25,000 கொடுத்தார். மீதியைக் கந்துவட்டிக்கு வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

யூனிட்டுக்கு 2024-இல் திருப்பூர் வேலை கிடைத்தது. ரேட் பெரிதாக இல்லை, ஆனால் தீபாவளி, பொங்கல் என்று காத்திருக்காமல் மாதா மாதம் வேலை. கட்டிங் மேசையில் காப்புக் கம்பி இறங்கியது. தணிக்கைக்கு வந்தவர் முதலில் பார்த்ததே அதைத்தான். ஒரு டெய்லருக்குப் பிரசவம் வந்தபோது 26 வாரச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யிலிருந்து வந்தது. இதற்குப் பிறகுதான் ஆதார் கேட்டால் கையை இழுப்பது நின்றது. போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

யாரும் பேசாமல் இருந்த இன்னொன்றும் வெளியே வந்தது: பல ஆண்டு வேலை செய்தவர் நிற்கும்போது மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை. அதற்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் பத்தில்தான் தொடங்கியது. 2015 முதல் இருக்கும் மூன்று பேருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், 2024-இலேயே ஆளுக்கு 49,000 ரூபாய் சேர்ந்திருந்தது. இ.எஸ்.ஐ. பாக்கியைவிட இதுதான் பெரிய கடன். மாதாமாதம் கட்டும் சந்தா இல்லை என்பதால் கண்ணில் படாத கடன்.

2025 ஜூலையில் இ.எஸ்.ஐ. கழகம் ‘ஸ்பிரீ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்பவர்களிடம் பழைய பாக்கி கேட்பதில்லை என்று அறிவித்தது. முதலாளி போனில், “அப்ப முன்னாடியே வந்து கட்டுனவன் ஏமாளியா சார்?” என்று கேட்டார். 2022 முதல் பதிவு கேட்டிருக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தொகை கிடைத்திருக்காது என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் சரிதான். ஆனால் விபத்து நடக்காத யூனிட்டுக்காரர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

இருபதாவது ஆள்

இப்போது பதிவில் 19 பேர். வேலை அதற்கு மேலும் இருக்கிறது. ஆனால் 19-இல் நிற்கிறது.

இருபது பேர் ஆனால் பி.எஃப். முதலாளியின் பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 சதவீதம். 20 பேருக்கு 1,90,000 சம்பளம் என்றால் மாதம் 24,700 ரூபாய். பத்தொன்பது பேருக்கு இன்று கட்டும் இ.எஸ்.ஐ. 5,866. அதாவது இருபதாவது டெய்லரைச் சேர்த்தால் அவருடைய 9,500 சம்பளத்தோடு 24,700-உம் சேர்ந்து வருகிறது. அந்த ஒரு ஆள் எவ்வளவு தைத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. தொழிலாளியின் பக்கமும் 12 சதவீதம், 1,140 ரூபாய், பிடிபடும். பிடித்தம் என்ற பேச்சு எழுந்தாலே இன்னும் நான்கு பேர் கீரைத்துறை போய்விடுவார்கள் என்று முதலாளி நம்புகிறார். நானும் அதை மறுக்கவில்லை.

அதனால் மிகுதி வேலை ஆறு பெண்களுக்கு வீட்டு பண்டலாகப் போகிறது. டஜனுக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் செய்தாலும் நிறுவனத்தின் வேலையோடு தொடர்புடையவர் ஊழியர்தான் என்று பீடி சுற்றும் தொழிலில் உச்ச நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. எனவே இந்த ஆறு பேரையும் சேர்த்து 25 என்று ஒரு நாள் யாராவது எண்ணலாம். பிளைவுட் தடுப்பு போய் அதன் இடத்தில் ஆறு வீட்டுச் சுவர்கள் வந்திருக்கின்றன என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

2025 நவம்பர் 21-இல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. இ.எஸ்.ஐ.க்குப் பத்து, பி.எஃப்.க்கு இருபது என்ற எண்கள் மாறவில்லை. மின்சக்தியோடு இயங்கும் ‘தொழிற்சாலை’ என்பதற்கான வரம்பு பத்திலிருந்து இருபதாக உயர்ந்தது, ஒப்பந்தத் தொழிலாளர் வரம்பு இருபதிலிருந்து ஐம்பதாக உயர்ந்தது. எண்ணைக் குறைத்தும் கூட்டியும் பார்க்கிறார்களே தவிர, படியைச் சரிவாக்கும் யோசனை இதில் இல்லை. இருபதாவது ஆளுக்கு மட்டும் பி.எஃப்., பழைய 19 பேருக்கு இரண்டு மூன்று ஆண்டில் படிப்படியாக என்று இருந்தால் இந்த யூனிட் இன்று 25 பேரோடு ஒரே கூரைக்குள் இருக்கும் என்பது என் கணிப்பு.

மறுபடி செய்தால்

ஆள் எண்ணிக்கையை மஸ்டரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போனஸ் நோட்டும் டீ நோட்டும் போதும். பதிவுக்கு முன்பே தொழிலாளர்களை உட்காரவைத்து உரிமைத் தொகை, காப்பீட்டு அட்டை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தால் அந்த மூவரில் இருவராவது நின்றிருப்பார்கள். இங்கே ஆதார் நகல் முதலிலும் விளக்கம் பிறகுமாகப் போயிற்று.

எட்டாவது, ஒன்பதாவது ஆளை எடுக்கும் யூனிட்டுகளுக்கு இப்போது நான் சொல்வது வேறு. பத்துக்குக் கீழே இருந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் தாமாகவே சேரலாம் என்று, அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இடம் இருக்கிறது. ஒன்பது பேருக்கு மாதம் 2,800 ரூபாய்க்குள் முடியும். பிளேடுக்கு முன்னால் ஆள் நிற்கும் எந்தத் தொழிலிலும் அது மலிவு.

இந்த யூனிட்டில் பாக்கி இருப்பது பணிக்கொடைதான். 2015 முதல் இருக்கும் மூவரில் ஒருவர் இந்த ஆண்டோடு நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குரிய பணம் தனியாக எடுத்து வைக்கப்படவில்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் தனிக் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு மாதம் போட்டிருக்கிறார்.